துஷ்டி வீட்டு அடுப்பு

ஜப்பானில் ஒரு கதையின் முடிவை முந்திச் சொல்வது திருட்டுக்குச் சமம். நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுப் பொட்டலத் தொழிற்சாலையில், முந்தின நாள் தொடரைப் பார்க்காத ஒருத்தி இருந்தால் போதும், மற்ற பெண்கள் வாயைத் திறக்காமல் சோறு அள்ளுவார்கள். எங்கள் குளச்சல் பக்கத்தில், படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் டிக்கெட் வரிசையில் நிற்கிறவனிடம் கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்டுத்தான் பீடி பற்றவைப்பான். கணவருக்கு இங்கே கார் கம்பெனியில் வேலை கிடைத்து நாங்கள் வந்த புதிதில், இந்த மௌனம் எனக்கு மூச்சுமுட்டியது.

அப்போதுதான் அந்த அனிமே தொடர் வந்தது. ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு விடுதி, அங்கே ஆள் ஏற்றி வரும் ஒரு படகுக்காரன், விடுதிக்காரர் கொலை. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரே ஒரு துப்பு கொடுத்துவிட்டு நம்மை ஒரு வாரம் தவிக்கவிடுவார்கள், பாவிகள். கீழ்வீட்டு ஹருகோ என் வயதுக்காரி, என்னோடுதான் வேலை. அவள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்போம். எனக்குப் புரியாத சொல்லையெல்லாம் அவள் நடித்துக் காட்டுவாள்.

மூன்றாம் வாரம், புருஷன் பிணம் கிடக்கிற வீட்டில் மனைவி அடுப்பைப் பற்றவைத்து, வந்தவர்களுக்குச் சோற்றுருண்டை பிடித்துக் கொடுத்தாள். நான் துள்ளி எழுந்தேன். "இவள்தான்! அடுப்பு! அடுப்பு!" என்று எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் கத்தினேன். ஹருகோ பதறிப்போய்த் தன் வீட்டு காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

எங்கள் ஊரில் துஷ்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டு அடுப்புதான் அதற்காக எரியும். கஞ்சியும் சிறுபயறும் பானையோடு வந்துவிடும். மாதா கோவில் வீடா, அம்மன் கோவில் வீடா என்று கஞ்சி கேட்பதில்லை. இதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஹருகோ சிரித்தாள். இங்கே துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த வீட்டார்தான் சாப்பாடு போட வேண்டுமாம். தொழிற்சாலையிலும் சிரித்தார்கள். நான் விடுவேனா? பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு போன் போட்டுக் கதை சொல்வேன். அம்மா என் கட்சி.

"துஷ்டி வீட்டுல அடுப்பு பத்தவச்சாளா? அப்போ அவளேதான். சந்தேகமே இல்லட்டி."

பின்னாலிருந்து மீன் வியாபாரி அப்பாவின் குரல் வரும். "ரெண்டுவேருக்கும் கிறுக்கு. அந்தப் படகுக்காரனாக்கும் கொன்னது. எல்லாரும் அழும்போ அவன் படகயில்லா பாத்துட்டு நிக்கான்!"

"நீங்க சும்ம இரியும்" என்று அம்மா அடக்கிவிடுவாள்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. கொலையாளி யாரென்று அன்று தெரிந்துவிடும். ஆனால் அன்று காலையில் ஹருகோவின் அம்மா இறந்துபோனாள். சாயங்காலம் கீழே போனால், கறுப்பு உடையில் ஹருகோ வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மேலே ஓடிப்போய்க் கஞ்சி வைத்துப் பயறும் அவித்து, பானையோடு இறங்கினேன்.

ஹருகோ பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே" என்றாள். இங்கே கஞ்சி நோயாளிக்குக் கொடுப்பது.

"அடுப்பு" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சமையலறையில் நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்தாள். அதன்பிறகுதான் அழுதாள். வந்தவர்களுக்கு நான் தேநீர் ஊற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் ஊரை நினைத்து அன்றைக்கு எனக்கு வந்த பெருமை வேறு எந்த நாளும் வந்ததில்லை.

பதிவு செய்திருந்த கடைசிப் பகுதியை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தோம். அதுவரை தொழிற்சாலையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. முதல்முறையாக அந்த மௌனத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கொன்றது படகுக்காரன். தோற்றுப்போய் உட்கார்ந்திருந்த என்னிடம் ஹருகோ சொன்னாள், "பாவம், அந்தத் தீவில் அவளுக்குப் பக்கத்து வீடு இல்லை."

அப்பா இதை ஊர்முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சந்தைக்குப் போனவர் வந்தவரிடமெல்லாம், "ஜப்பான்காரன் போட்ட கணக்க நான் இங்க இருந்தே பிடிச்சேன்!"

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். எனக்கு விமானம் மறுநாள்தான் கிடைத்தது. கணவர் விடுப்பு சொல்ல கம்பெனிக்குப் போயிருந்தார். உடல் அங்கே கிடக்கும்போது இந்த வீடு துஷ்டி வீடா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அடுப்பைத் தொடக் கை வரவில்லை. அம்மா போனில் அழுதுகொண்டே கேட்டாள், "பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கஞ்சி கொண்டுவந்தா மக்கா. நீ வல்லதும் தின்னியா?"

அழைப்பு மணி அடித்தது. போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்தேன். நான் தொழிற்சாலைக்கு லீவு சொன்னது தெரிந்து ஹருகோ வந்திருந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றிப் பிடித்த ஒரு மண்சட்டி, ஆவி பறந்தது.

"அடுப்பு?" என்றாள்.

இல்லை என்று தலையசைத்தேன். சட்டியை என் கையில் தந்தாள்.

"நம்ம வீட்டுக்கும் கஞ்சி வந்தாச்சும்மா" என்றேன்.