இருபது வோல்ட்

மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அன்று மதியம் கரியாலூர் ஏறும்போது வண்டி இரண்டு முறை பாதையை விட்டு விலகப் பார்த்தது. மழை மட்டும் காரணமல்ல.

நான் கச்சிராயபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கையடக்கக் கருவி ஒன்றை அது செய்கிறது. கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலுக்கு, சர்க்யூட் பலகையில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. சார்ஜ் ஏற்றும் டைப்-சி வாயைப் பற்றியும் எழுத வேண்டும். அது மின்சாரம் வாங்குமா, கொடுக்குமா, எத்தனை வோல்ட் தாங்கும் என்பதெல்லாம் அதில் வரும். கெர்னல் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. எழுதியதை நம்பி, சொருகிய சார்ஜரிடம் அத்தனை வோல்ட்டைக் கேட்டு வாங்கிவிடும். இருபது வரை என்று எழுதியிருந்தோம். முதலில் வந்த பலகைகளுக்கு அது சரிதான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உடன் வேலை பார்க்கும் பெண் பெங்களூரிலிருந்து அழைத்தார்.

“புது பலகைல சார்ஜிங் சிப்பை மாத்திட்டாங்க. நமக்கு யாரும் சொல்லல. ஒன்பது வோல்ட்டுக்கு மேல தாங்காதாம். இங்க லேப்டாப் சார்ஜர் சொருகினேன், புகை வந்துடுச்சு. பேட்டரி உப்பிப் போச்சு.”

“புதுசு வெளிய எங்கெங்க போயிருக்கு?”

“ஒண்ணுதான். உங்க ஊர் மலைக்கு.”

அது என் அண்ணியிடம் இருந்தது. அண்ணி கரியாலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் கிராம செவிலியர். பழைய கருவியை வாங்கிக்கொண்டு போன வாரம்தான் புதியதைக் கொடுத்திருந்தார்கள். அவருடைய ஃபோன் சார்ஜரைச் சொருகினால் பயமில்லை, அது ஒன்பதைத் தாண்டாது. ஆனால் அண்ணி மகளின் லேப்டாப் சார்ஜரைத்தான் பையில் வைத்திருப்பார். ‘ஒரே ஒயர்ல எல்லாத்துக்கும் ஏத்திக்கலாம்’ என்று என்னிடமே சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்.

அழைத்தேன். மேலே சிக்னல் இல்லை. மறுபடி மறுபடி அழைத்துவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வண்டியை எடுத்தேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் இறங்கியிருந்தது. வழியில் ஒரு டீக்கடை இருட்டாகக் கிடந்தது. “கரண்ட்டு காலையிலேயே போச்சு. இப்ப வந்துரும்னாங்க,” என்றார் கடைக்காரர். அதைக் கேட்டதும் வண்டியை முடுக்கினேன். கரண்ட் இல்லையென்றால் கருவியில் சார்ஜ் தீர்ந்திருக்கும். அண்ணி ஒயரைச் சொருகிவைத்துக் காத்திருப்பார். எந்த நிமிடமும் கரண்ட் வரலாம். அதற்குப் பிறகு வழியில் தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு போனேன்.

அண்ணி வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையத்தின் முன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே கட்டிலில் ஓர் இளம்பெண் படுத்திருந்தாள். கருவி அவள் வயிற்றின் மேல் இருந்தது. அதிலிருந்து தொங்கிய ஒயர் சுவர் பிளக்கில் இருந்த லேப்டாப் சார்ஜருக்குப் போனது. டப்டப்பென்று குழந்தையின் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது.

“அண்ணி, ஒயரை எடுங்க!”

“இரு தம்பி, இப்பதான் துடிப்பு கெடச்சுது. சார்ஜ் கம்மியா கீது, கரண்ட்டு வந்தா ஏறட்டும்னு சொருவி வெச்சிக்கினு கீறேன்.”

விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. பாய்ந்து போய்க் கருவியிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரியில் மிச்சமிருந்ததும் அப்போதே தீர்ந்திருக்க வேண்டும். துடிப்பு நின்றது.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “கொழந்தைக்கு இன்னாங்க ஆச்சு?” என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

அண்ணி என்னை ஒரு முறை முறைத்தார். அவளை மெல்லப் படுக்க வைத்து, பையிலிருந்த, துடிப்பு கேட்கும் குழலை எடுத்து வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். அப்போது தலைக்கு மேல் ஃபேன் சுற்றத் தொடங்கியது. சுவரில் சார்ஜரின் சின்ன விளக்கு எரிந்தது. ஒயரின் முனை என் கையில் இருந்தது.

“நல்லா ஓடிக்கினுதான் கீது,” என்றார் அண்ணி. அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, “எங்கிட்ட சொன்னது சரி. உள்ள போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. கொழந்த நல்லாத்தான் கீது, மிஷினுதான் கெட்டதுன்னு உன் வாயால சொல்லு,” என்றார்.

போய்ச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

கருவியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். புதிய பலகைக்கு ஒன்பது வோல்ட் என்று தனியாக ஒரு விவரக்கோப்பு எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு எண்தான் மாறியது. அனுப்பிய பிறகும் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பலகை கைக்கு வந்து, சிப்பின் மேல் எழுதியிருப்பதை லென்ஸ் வைத்துப் படிக்காமல் எந்த எண்ணையும் எழுதுவதில்லை. படித்து எழுதினாலும் பயம் போவதில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை என்று பிறகு அண்ணி சொன்னார். பழைய கருவியையே திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் ஒயர் சொருகியபடி அதை யார் வயிற்றிலும் அவர் வைப்பதில்லை.