பிடிமண்

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முசிறிப் பக்கத்திலிருந்து சிறுபிள்ளையாக இலங்கைக்கு, இந்தப் பதுளைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, மூன்றாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது.

போன வாரம் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வந்து நின்றார். குடியேறிய மக்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாராம். "அம்மா, இஞ்ச நிரந்தரமா இருக்கிறதெண்டு எப்ப முடிவெடுத்தனீங்கள்?" என்று கேட்டார். இத்தனை காலத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. உள்ளேயிருந்து மருமகள்தான் குரல் கொடுத்தாள். "ஏங்க தம்பி, நீங்க எழுதிக்கிட்டா எங்களுக்குப் பிரஜாவுரிமை குடுத்துருவாங்களா?" அவர் சிரித்துத் தலை குனிந்துகொண்டார்.

அந்த முடிவை எடுத்தவர் என் வீட்டுக்காரர். பிள்ளைகளுக்கு மொட்டையடிக்க ஒவ்வொரு தடவையும் கடல் தாண்டி அக்கரைக்குப் போக முடியாது, குலசாமி கருப்பசாமியை இங்கேயே கொண்டுவந்துவிடுவோம், இனி நமக்கு இதுதான் ஊர் என்றார். சாமியை இடம் மாற்றுவதென்றால் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து புது இடத்தில் போட வேண்டும். அதற்காக அவர் மட்டும் போனார். போன இடத்தில் விஷக்காய்ச்சல். எழுந்து நடமாடுவதற்குள் யுத்தம் தொடங்கி, தோட்டத்தாட்களைக் கப்பலேற்றுவதை நிறுத்தியிருந்தார்கள். மடியில் மண்ணோடு அவர் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் ஒரு மரத்தடியில் அதைப் போட்டுக் கல் நட்டோம்.

பிறகு சுதந்திரம் வந்தது. எங்களை யாரென்று கேட்கும் சட்டமும் வந்தது. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டோம், பதுளையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கேட்டதைப் பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்.

"ஒரு வருஷத்துக்கு மேல அங்க உனக்கு என்ன வேலை?"

"சாமியக் கொண்டாரப் போனேங்க."

"அப்ப உன் சாமி இந்தியாவுலதானே இருக்கு?"

"இல்லீங்களே. இப்ப இங்கதான் இருக்கு. அதான் கொண்டாந்துட்டேனே!"

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லதாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவ்வளவு காலம் வெளியே இருந்தவர் தொடர்ந்து வசித்தவரில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். இங்கேயே இருப்பதற்காகத்தான் போனார் என்பதை எடுத்துச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். "தாய்நாட்டோட தொடர்பு விடேல்லை எண்டு எழுதலாம், என்னம்மா?" என்று அவரும் கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

போன மழையில் வீட்டுக்காரர் போய்விட்டார். கருப்பசாமிக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். இப்போது எல்லோரையும் அக்கரைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. "அனுப்பினா சாமியையும் தூக்கிட்டுத்தாம்மா போகணும்" என்கிறான் மகன். நேற்று மரத்தடிக்குப் போய் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். அந்த ஊர் மண், இந்த மலை மண், அவர்மேல் போட்ட மண், எல்லாம் மழையில் ஒன்றாகிக் கிடக்கிறது.

வருஷங்களை முன்பின்னாக எழுதியிருப்பேன், தெரிந்தவர்கள் சரிபாருங்கள். முசிறிப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் கருப்பசாமி கோயில் பூசாரியிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள். ஒருமுறை பிடிமண்ணாக வந்துவிட்ட சாமி திரும்பி வந்தால், அங்கே சேர்த்துக்கொள்வார்களா?