பௌர்ணமிக்கு விடுமுறை

போன வாரம் நண்பர் ஒருவர் காபி வாங்கித் தருகிறேன் என்று கிரிவலப் பாதையிலிருக்கும் பழைய சத்திரத்துக்கு அழைத்துப் போனார். 'பழைய' என்று சொன்னால் அங்கே முகம் சுளிக்கிறார்கள். 'மீட்டெடுக்கப்பட்ட' என்று சொல்ல வேண்டும். இப்போது அது மக்கள் கூடும் மன்றமாம். வாசலில் 'அனைவரும் வருக' என்று பலகை. உள்ளே எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை. நல்ல வாசனைதான், எனக்குத்தான் தும்மல் வந்தது.

அந்தக் கூடத்துக்கென்று வேறொரு வாசனை இருந்தது. நீலகிரித் தைலமும் புளிசோறும் கலந்தது. பௌர்ணமியன்று மலையைச் சுற்றிவிட்டு வரும் பெண்கள், ஒருத்தி காலை இன்னொருத்தி மடியில் போட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அப்போது எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலைக்கிருந்தேன். அக்காவைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தோம். மாமியார் பொல்லாதவர், தாய்வீட்டுக்கு அனுப்பமாட்டார். ஆனால் கிரிவலத்துக்குப் போகாதே என்று எந்த மாமியாரால் சொல்ல முடியும்? அவளுக்கு அண்ணாமலையார் கொடுத்த ஒரே லீவு அது.

அங்கே அவளுக்கு இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி செங்கம் பக்கம், ஒருத்தி போளூர் பக்கம். ஊர்ப் பெயர்தான் கூப்பிடும் பெயர்.

"ஏய் செங்கம், உன் வூட்டுக்காரரு குடிய வுட்டாரா?"

"எங்க வுட்டாரு, இப்ப இன்னும் ஜாஸ்தி" என்று செங்கம்காரி அழுவாள். கொஞ்ச நேரத்தில் மூவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டீ கொண்டுபோகும் என்னைப் பார்த்துத்தான் பெரும்பாலும்.

"அட்ரஸ் வாங்கி வெச்சுக்கக்கா" என்றேன் ஒருமுறை.

"எதுக்குடா? அடுத்த பௌர்ணமிக்கு இங்கதான வரப்போறாளுங்க."

பிறகு கூரை ஒழுகிச் சத்திரம் பாழானது. இங்கே செங்கம் ரோட்டில் இருக்கும் ஆசிரமங்கள் பக்கமிருந்து சிலர் புதுப்பிக்க வந்தார்கள். நல்லவர்கள்தான், பொய் சொல்லக்கூடாது. ஒரு பௌர்ணமியன்று எங்களையெல்லாம் வட்டமாக உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா எழுந்து, "தண்ணி, ஒரு கக்கூஸு. கதவு தொறந்திருந்தா போதும்ங்க" என்றாள். கை தட்டினார்கள்.

புதுப்பிக்கும் வேலை முடிந்த பிறகு வந்த முதல் பௌர்ணமிக்கு அக்கா தைலக் குப்பியோடு வந்தாள். கேட் பூட்டியிருந்தது. பௌர்ணமி நாட்களில் விடுமுறை என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

"ஜனம் ஜாஸ்தி வரும்மா, தரை பாழாயிடும்னு பூட்டச் சொல்லிட்டாங்க" என்றார் காவல்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் வரும் நாளில் பூட்டிவைக்கத்தான் கூடும் இடம் கட்டினார்களா? அக்கா கேட் அருகே உட்கார்ந்து, போகிற முகங்களையெல்லாம் பார்த்தாள். "வூட்டுக்குப் போலாம்க்கா" என்றதற்கு, "இருடா, செங்கம்காரி மெதுவாதான் நடப்பா" என்றாள். போலீஸ்காரர் வந்து எழுப்பிவிட்டார். அடுத்தடுத்த பௌர்ணமிகளிலும் அப்படித்தான். அப்புறம் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

காபி குடித்துவிட்டு அன்றே கீழ்பென்னாத்தூர் போனேன். மன்றம் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"உன் போன்ல தேடுனா ஆளுங்க கிடைப்பாங்களாமே. அந்த செங்கம்காரியத் தேடேன்."

"பேரு இன்னாக்கா?"

"செங்கம்னுதான கூப்புடுவோம்" என்றாள் அக்கா.

"சிரிச்சா கண்ணுல தண்ணி வந்துடும்டா அவளுக்கு" என்றாள்.