பதினேழாவது கேள்வி

அந்தத் தெருக்களில் அவளைக் கேள்விக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழக உளவியல் துறைக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது அவள் வேலை. மொத்தம் நாற்பது கேள்விகள். எந்தக் கதவைத் தட்டினாலும் இரண்டு நிமிடத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு வாய், அப்படி ஒரு சிரிப்பு. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒருநாள் பேராசிரியை அவளைக் கூப்பிட்டு இரண்டு கட்டுப் படிவங்களை முன்னால் வைத்தார். பதினேழாவது கேள்வி: கடந்த வாரத்தில் எத்தனை நாள் தனிமையாக உணர்ந்தீர்கள்? அவள் போன அறுபத்திரண்டு வீடுகளில் ஏறக்குறைய எல்லாரும் பூஜ்யம். அதே வட்டாரத்தில் அதே வேலை பார்க்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் கொண்டுவந்ததில் மூன்று, நான்கு, சிலருக்கு ஏழுகூட. வீட்டில் உட்கார்ந்து நீங்களே நிரப்பினீர்களா என்று பேராசிரியை கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

பேருந்தில் திரும்பும்போது கோபம் ஆறி யோசனை வந்தது. தபால்காரருக்கு வாய்த்த வீடுகளே சோகமான வீடுகளோ? அவர் காலையில் போகிறார், இவள் மாலையில் போகிறாள். வீடு நிறைய ஆள் இருக்கும்போது யார்தான் தனிமை என்று சொல்வார்கள்?

மறுநாள் பேராசிரியை முன்னால் போய் நின்றாள்.

"மேடம், புதுசா ஒரு தெரு குடுங்க. எந்த வீட்டுக்கு யார் போறதுன்னு காசு சுண்டிப் பாத்துக்கறோம். ரெண்டு பேருமே காலையில போறோம். அப்பவும் வித்தியாசம் வந்தா, கோளாறு வீட்டுல இல்ல, எங்கிட்டதான்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். பிறகு சம்மதித்தார்.

நாற்பது வீடுகள் முடிந்தன. வித்தியாசம் அப்படியே இருந்தது. கோளாறு அவளிடம்தான். ஆனாலும் தான் என்னதான் செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த வீடுகளுக்குத் தபால்காரரையும் கூட வரச் சொன்னாள். அவர் ஓரமாக உட்கார்ந்து, அவள் வாயிலிருந்து வந்ததை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். மூன்றாவது வீட்டுப் படியிறங்கியதும் நோட்டை நீட்டினார்.

"தங்கச்சி, படிவத்துல 'எத்தனை நாள்'னு இருக்கு. நீ 'தனிமை அது இதுன்னு ஒண்ணும் இல்லையே'ன்னு கேக்கற. சிரிச்சுக்கிட்டே வேற கேக்கற. அதுக்கு மேல அவங்க என்ன சொல்லுவாங்க?"

மூன்று வீட்டிலும் அதேதான். அவளுக்குத் தெரியவே தெரியாது. யார் மனமும் நோகக்கூடாதென்று வாய் தானாகச் செய்துவந்த வேலை.

அன்று மதியம் கணவரிடம், சாப்பாடு நல்லாத்தானே இருக்கு என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எப்படி இருக்கு என்று திருத்திக் கேட்டாள். ஏதோ வில்லங்கம் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தவர், உப்பு ஒரு கல் கூட என்றார். இருபது வருடத்தில் முதல் தடவை.

நோட்டைப் பார்த்த பேராசிரியை, அவள் படிவங்களில் பதினேழாவது கேள்விக்கான பதில்களை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. புதிதாகக் களத்துக்குப் போகிறவர்களுடன் முதல் சில வீடுகளுக்கு இன்னொருவர் போய்க் குறிப்பெடுப்பது என்று ஏற்பாடானது. பழைய வீடுகளுக்கு மறுபடி போகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதலில் ஒரு தையல்காரர். கேள்வியை உள்ளது உள்ளபடி வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவர் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அஞ்சு நாள்," என்றார்.

போன தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அது படிவத்தில் இல்லாத கேள்வி.

"நீங்க சந்தோஷமா கேட்டீங்க. அதைக் கெடுக்க மனசு வரலம்மா."

கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். அவர் மேலே பேச ஆரம்பித்தார். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.