மலைமேல் இருந்து பார்த்தபோது

பதினான்கு வருடமாக அவள் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி. நான்கு மொழிகளில் வாய் ஓயாமல் பேசுவதால் டிரைவர் வைத்த பெயர் ரேடியோ. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் காட்டு மலை. நடுவே, ஒரே தெருவில் ஆறு மொழிகளில் சண்டை போட்டுக்கொள்ளும் ஊர். எந்தக் கப்பலில் யாருடைய பாட்டன் வந்திறங்கினான், எந்த மாதம் திமிங்கிலம் கரையோரம் தலைகாட்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வீட்டில் கணவர் மட்டும்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் கிரேன் ஏணியிலிருந்து விழுந்து படுத்தவர் எழவில்லை. எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். நிற்க முடியவில்லையே என்றார் இவர். தினமும் அவரைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, சாப்பாட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள்.

அன்று மலையுச்சியில் ஒரு பயணி, "உங்க வீடு இங்கேருந்து தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாம என்ன?" என்று அங்கே நிறுத்தியிருந்த தொலைநோக்கியைத் திருப்பினாள். அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் யாரோ தட்டை ஏந்தி நடந்துகொண்டே கடற்காக்கைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். திருடனோ என்று பதறினாள். ஆள் திரும்பினார். கணவர்.

முப்பது பேர் காத்திருக்க, நான்கு மொழியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"என்ன ரேடியோ, கரண்டு போயிடுச்சா?" என்ற டிரைவர், அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சாயங்காலம் வீட்டில் அவர் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். "இன்னைக்குக் கால் ரொம்பக் குடையுதும்மா."

"மாடியில நடந்தீங்கல்ல, அதான்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று. போர்வையை விலக்கி, தானே எழுந்து உட்கார்ந்தார். "எட்டு மாசமா நடக்கிறேன். சரியாயிடுச்சுன்னா மறுபடி கிரேன் மேலே ஏறச் சொல்வாங்க. நினைச்சாலே உடம்பு உதறுது."

"என்கிட்ட சொன்னா என்னங்க?"

"பயமா இருக்குன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

"உங்களைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே விட்டுப்போச்சே!" என்றவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம்கூட வரவில்லை. யாரோ ஒரு அயலான் தன் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அவர் தானாகவே எழுந்து செருப்பை மாட்டினார். "துறைமுகத்துக்குப் போய், ஏற மாட்டேன்னு நேர்ல சொல்லிட்டு வந்துடறேன்." தெருவே வாயைப் பிளந்து பார்க்க நடந்துபோனார். துறைமுக வாசலில் வருகிறவர்களின் பெயரைப் பதியும் வேலை கொடுத்தார்கள். அதற்கே போய்வருகிறார்.

அவளோ, வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிட்டுத் திரும்புகிறாள்.