சிரட்டையில் கொடுத்த சாயத்தண்ணி

எனக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. பதுளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயத்துப் பிள்ளைகளையும் சேர்க்கத் தொடங்கிய வருடம், பசறை ரோட்டிலிருந்த எங்கள் தோட்டத்திலிருந்து போனவள் நான் ஒருத்திதான். வகுப்பில் என் பக்கத்து இடம் மூன்று நாள் காலியாகக் கிடந்தது. நான்காம் நாள் ஒரு சிங்களப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீ கால ஆட்டினா பெஞ்சும் ஆடுது. எனக்கு அது விருப்பம்" என்றாள். அவளுடைய அப்பா சந்தையில் மரக்கறி விற்பவர். தமிழ் அங்கே பழகியது. தோட்டத்துக்குக் கீழே உள்ள கிராமத்தில் வீடு. சிங்களத்தில் திட்ட அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள், தமிழில் திட்ட நான் அவளுக்கு. இரண்டு பேருமே கெட்டிக்காரிகள்.

ஒரு சனிக்கிழமை அவளை எங்கள் லயத்துக்குக் கூட்டிப் போனேன். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு எவருன்னு தெரியல. மாட்டுக்கறி திங்கிறவங்களோ என்னமோ" என்று அடுப்படியில் முணுமுணுத்தாள். எனக்கு டம்ளரிலும் அவளுக்குத் தேங்காய்ச் சிரட்டையிலும் பால் விடாத சாயத்தண்ணி வந்தது. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கியவர்களுக்கு எங்கள் லயத்தில் அப்படித்தான் கொடுப்பார்கள். தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை முன்னால் உட்காரக்கூட முடியாத எங்களுக்கும் கீழே ஓர் ஆள் தேவைப்பட்டது. வெட்கக்கேடு!

பத்து வயதில் எனக்கு இது நன்றாகவே தெரியும். டம்ளரை அவளிடம் நீட்டியிருக்கலாம். அம்மாவின் அடிக்குப் பயந்து மடமடவென்று நானே குடித்து முடித்தேன். அவளோ, விருந்தாளிக்கென்றே வைத்திருப்பது என்று நினைத்து, அந்தச் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை வகுப்பு முழுக்க அதைச் சொல்லிப் பெருமையடித்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேச்சை மாற்றினேன், அவள் காலை மிதித்தேன். அவள் நிறுத்துவதாக இல்லை. தபால் மாஸ்டரின் மகள், யாழ்ப்பாணத்துப் பெண், சிரித்துவிட்டாள்.

"சிரட்டையிலயோ தந்தவை? அது எளிய சாதியளுக்கெல்லோ குடுக்கிறது!"

என் சிநேகிதி என் பக்கம் திரும்பினாள். அது பொய் என்று நான் சொல்வேன் எனக் காத்திருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் வேறு இடத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அம்மாவோடு தொட்டதற்கெல்லாம் சண்டை. சனிக்கிழமை விடிந்ததும் சிநேகிதி வீட்டுக்கு ஓடினேன். அவளுடைய அம்மாவிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணியும் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அழுகை பீறிட்டது.

"எங்கம்மா ஒண்ணும் தெரியாம செஞ்சிட்டாங்க. கோவிச்சுக்காத" என்றேன். பழியை அம்மா தலையில் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், அதுதான் உண்மை.

கதவருகில் நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: "உங்க அம்மாவோட எனக்குக் கோபம் இல்ல. அவங்களுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும்தானே?"

அவளுடைய அம்மாவுக்குத் தமிழ் புரியாது. பிள்ளை ஏன் அழுகிறது என்று பதறிப்போய்ச் சிங்களத்தில் கேட்டாள். எனக்கு வயிற்றுவலி என்று அவள் பொய் சொன்னாள்.

அவள் அடித்திருந்தால்கூட அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்காக அவள் சொன்ன அந்தப் பொய்யைத் தாங்க முடியாமல் எழுந்து ஓடினேன்.