திரை உடைஞ்ச பெறகும் சேசுராஜ் எடுத்த எடைச் சீட்டு

சேசுராஜ் போயிட்டான். நெஞ்சைப் பிடிச்சானாம், ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னு காலைல அவன் மச்சினன் போன் பண்ணான்.

எமன் சும்மா கூட்டிட்டுப் போயிருக்க மாட்டான்... மூஞ்சில ரெண்டு குத்து வாங்கிட்டுத்தான் போயிருப்பான்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். திண்டுக்கல் பழனி ரோட்டுல, லாரியை லோடோட ஏத்தி எடை போடுற எடைமேடைல நாங்க ரெண்டு பேரும் வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு, மத்த எல்லாம் என் பொறுப்பு. மேனேஜர்னே வச்சுக்கங்க.

அப்பல்லாம் எடை புரோகிராம்னா கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அம்புட்டுத்தான். ஒவ்வொன்னுக்கும் இங்கிலீஷ்ல கட்டளை டைப் அடிக்கணும். எழுதினவன் சேசு, அதனால அவனுக்கு மட்டுந்தான் அது கட்டுப்படும், வளர்த்த நாய் மாதிரி.

ஒருநாள் அவன் சாப்பிடப் போயிருந்தப்ப நான் ஒரு எழுத்தை மாத்தி அடிச்சேன்... மேடைல நின்ன லாரியோட எடையே அழிஞ்சிருச்சு. அந்த டிரைவர் விட்ட அறைல என் கடைவாய்ப் பல்லு பழனி மலை வரைக்கும் பறந்துச்சு.

சேசு ஓடி வந்தான். காப்பாத்தத்தான் வாரான்னு பார்த்தா அவனும் சேர்ந்து அடிக்கிறான். "ஏலே, எட்டாப்பு தாண்டாதவன் கீபோர்டைத் தொடலாமாலே?"

நானும் விடல. ஸ்டூலை எடுத்து அவன் முதுகுல போட்டேன். "அப்ப சின்னப் புள்ளைக்குப் போடுற மாதிரி படம் போட்டுக் குடுடா. லோடு லாரிக்கு ஒரு படம், காலி லாரிக்கு ஒரு படம். அமுக்குனா எடை வரணும்."

இன்னைக்கு எல்லாரும் போன்ல படத்தைத் தொட்டுத் தொட்டு வேலை பார்க்குறீங்களே... திண்டுக்கல்ல அதை முதல்ல கேட்டவன் நான்தான்.

வீங்கின முதுகோட உக்காந்து பட்டன் எல்லாம் செஞ்சு முடிச்சான். மவுஸ் வந்துச்சு. லாரிப் படம் நான் வரைஞ்சது, டயரு மட்டும் அவன்.

ஆனா கறுப்புத் திரையை அவன் எடுக்கல. பட்டனுக்கு அடியிலேயே விட்டு வச்சிருந்தான், கீபோர்டுல ரெண்டு கட்டையைச் சேர்த்து அமுக்குனா வெளிய வரும். அந்தச் சனியன் இன்னும் எதுக்குடான்னு கேட்டேன்.

"மூஞ்சிக்குப் பவுடர் போட்டா உள்ள இருக்கிறவனைக் கொன்னுரணுமாக்கும்?" மவுஸாலேயே என் நெத்தில ஒன்னு போட்டான்.

அப்புறம் அந்த நாள்...

சித்தையன்கோட்டை பஞ்சவர்ணம் அக்கா ஒரு லாரி சின்ன வெங்காயத்தோட வந்துச்சு. வாங்குற வியாபாரி தன் சொந்த மேடைல போட்டு எடையைக் குறைச்சுச் சொல்லிட்டான். வெளிய எடை போட்ட சீட்டைக் காட்டினா அதையே ஒத்துக்கணும்னு மார்க்கெட்டுல பேசி வச்சிருக்காங்க. சீட்டு இல்லேன்னா அக்காவோட வெள்ளாமை அவன் சொன்ன எடைக்குத்தான் போகும்.

எங்க திரைல எடை வந்துச்சு. அவன் சொன்னதை விட நல்லாவே கூட. பிரிண்ட் பட்டனை அமுக்கப் போறோம், வியாபாரியோட ஆளுக வந்து இறங்கிட்டானுங்க.

நாப்பது பேரு. சரி, நாலு பேரு... ஆனா ஒவ்வொருத்தனும் பத்து ஆளு சைஸு.

ஒருத்தன் வீல் ஸ்பேனரால திரையை ஒரே போடு. கண்ணாடி, புகை. "இப்பக் காட்டுடி உன் எடையை"ன்னு அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்குக் கம்ப்யூட்டர்னா அந்த டிவி மாதிரி இருக்கிறதுதான்.

அடுத்த போடு சேசுவோட இடது கைல. எலும்பு முறிஞ்ச சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு.

நான் மேசைக்கு அடியில பாஞ்சு, நிஜக் கம்ப்யூட்டர் பொட்டியைக் கட்டிப்புடிச்சுப் படுத்துட்டேன். முதுகுல மிதி மேல மிதி... ஒருத்தன் கணுக்காலை நான் கடிச்ச கடிக்கு அவன் இன்னைக்கும் நொண்டித்தான் நடக்கிறான்.

மேல சேசு ஒத்தக் கையால டைப் அடிக்கிறான். பார்க்கத் திரை இல்ல, பட்டன் இல்ல, நான் வரைஞ்ச லாரி இல்ல. அந்த ரெண்டு கட்டையை அமுக்கிட்டு, பழைய கட்டளையை அப்படியே அடிக்கிறான்.

மூலைல கெடந்த பிரிண்டர் கிர்ர்ருன்னு கத்துச்சு பாருங்க... ஸ்பேனர் வச்சிருந்தவன் பேயைப் பார்த்த மாதிரி பின்னால போனான்.

அக்கா பிரிண்டர்ல இருந்து சீட்டைக் கிழிச்செடுத்து ஜாக்கெட்டுக்குள்ள சொருகிட்டு, மூட்டை தூக்குற கொக்கியைக் கையில எடுத்துச்சு. "எவன்டா வந்து எடுக்கிறவன்? வாங்கடா."

ஒருத்தன் வந்தான். கொக்கி அவன் தோள்ல இறங்குச்சு. மத்தவனுங்க அவனைத் தூக்கிட்டு ஓடுனானுங்க.

வெங்காயம் முழு எடைக்குப் போச்சு.

ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போடுறப்ப கேட்டேன், "கண்ணுக்கே தெரியாம எப்படிடா மாப்ள அடிச்ச?"

"கரண்டு போனா நீ சோத்தை மூக்குலயா வைக்கிற?"ன்னு, நல்லாருந்த கையால ஒரு அறை.

அந்த இடது கை விரலு கடைசி வரைக்கும் நிமிரல. வலது கைக்கு ஒரு குறையும் இல்ல... என் கன்னந்தான் சாட்சி.

நாளைக்கு மாதா கோயில்ல பூசை முடிஞ்சு அடக்கம். பஞ்சவர்ணம் அக்காவும் வருதாம்.

மாப்ள... இந்த வரியை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு டைப் அடிக்கிறேன். தப்பிருந்தா வந்து அறைஞ்சுட்டுப் போடா.